சூடு காட்டும் கண்ணாடி

இரண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தான்.

ஒன்றுதான் கைக்கு வந்தது.

கவுதாரி லேசுப்பட்ட பறவை இல்லை. இறக்கை ஒடிந்தாலும் காலால் ஓடும். சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்துவிட்டால் வேட்டை நாயே வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடும். அதற்காகத்தான் மச்சினன் துபாயிலிருந்து அந்தக் கருவியைக் கொண்டுவந்திருந்தான். கண்ணில் வைத்துப் பார்த்தால் குளிர்ந்ததெல்லாம் கறுப்பு, சூடானதெல்லாம் வெள்ளை. வெயில் ஏறினால் கல்லும் வெள்ளையாகிவிடும் என்று விடியும் முன்பே கண்மாய்க்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாவது பறவை ஒரு வெள்ளைப் பொட்டாக ஓடியது.

அவன் அதன் பின்னாலேயே போனான். புதர் விட்டுப் புதர். கண்ணை எடுக்கவே இல்லை. கண் கண்ணாடியில் இருந்தால் கால் எங்கே போகிறது என்று யார் பார்ப்பது?

பொட்டு ஒரு பெரிய புதரின் அடியில் நின்றது.

கருவியை இடுப்பில் செருகினான். இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தூக்கி, அடையாளம் வைத்த இடத்தைப் பார்த்துச் சுட்டான்.

கொக்குகள் கலைந்து பறந்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி கண்ணில் வைத்தான். கவுதாரி அசையாமல் கிடந்தது. அதற்குப் பின்னால், புதரின் மறுபக்கம், முள்ளின் இடுக்குகளில் இன்னொரு வெள்ளை. பெரியது. குறுகி உட்கார்ந்திருந்தது.

பின்னால் வந்த மச்சினனிடம் நீட்டினான். அவன் பார்த்தான். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டான்.

"பன்னி மச்சான்," என்றான் ரகசியமாக. "இன்னொரு குழல்ல தோட்டா இருக்குல்ல? கவுதாரிக்கு வந்து பன்னி கெடைக்குது பாருங்க."

குழல் உயர்ந்தது.

அவன் கருவியில் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த வெள்ளையின் உச்சியில் ஒரு வட்டம் இருந்தது. எல்லாவற்றையும்விட வெளிச்சமான வட்டம்.

அது அணைந்தது.

பக்கத்திலிருந்து கறுப்பாக ஏதோ எழும்பி, அதை மெதுவாக மூடியது.

துணி.

பன்றி முகத்தை மூடிக்கொள்ளாது.

குழலைக் கையால் அடித்தான். மச்சினன் தடுமாறினான். நல்ல காலம், வெடிக்கவில்லை.

"என்ன மச்சான்?"

கருவியை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் சுற்றிப் பார்த்தான். சாம்பல் வெளிச்சத்தில் ஒற்றையடிப் பாதை. ஓரத்தில் கவிழ்ந்த பிளாஸ்டிக் கப்பு. மண்ணில் சின்னச் சின்னச் செருப்புத் தடங்கள்.

கிழக்குக் கரை.

கிழக்குக் கரை பெண்கள் ஒதுங்கும் கரை. விடிகிற நேரத்தில் ஆம்பிளைகள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவனும் படுத்ததில்லை. இன்றைக்கு ஒரு பறவைக்குப் பின்னால் வந்து நிற்கிறான்.

தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவை சிதறும். அவனுக்குத் தெரியும்.

கருவியில் இன்னொரு தடவை பார்த்தான். அந்த உருவத்தின் கீழே தரையில் ஒரு வெள்ளைச் சொட்டு. சொட்டு சாம்பலாகி, கறுத்து, மறைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

ஆண் குரல் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு, ரவை பாய்ந்த உடம்போடு, ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஓடிருவோம் மச்சான். யாரும் பாக்கல."

"ஓடு. ஊருக்கு ஓடு. உங்க அக்காவ எழுப்பு, பொம்பளையாளுக நாலு பேரக் கூட்டிக்கிட்டு வா. சேல துணி எடுத்தாரச் சொல்லு. போ!"

மச்சினன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

ஊர் ஒரு மைல். போக, எழுப்ப, வர.

அவன் முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"தாயி. தெரியாம சுட்டுட்டேன் தாயி. நான் திரும்பி நிக்கிறேன். எந்திரிக்க முடியுதா?"

காதைக் கொடுத்துக் கேட்டான்.

"ஒரு சத்தமாச்சும் குடு தாயி."

இல்லை.

நின்றால் ரத்தம் போகிறது. கிட்டே போனால் அவள் மானம் போகிறது. இரண்டுக்கும் நடுவில் அவன் கட்டை மாதிரி நின்றான். கருவி கையில் கனத்தது. அதன் வழியே எதைப் பார்த்துவிட்டோம் என்று உடம்பே கூசியது. தூக்கித் தூர எறிந்தான்.

தோளில் துண்டு இருந்தது. நாலாக மடித்தான். கண்ணை மறைத்து, பின்னந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டான். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வராதபடி.

"கண்ணக் கட்டிக்கிட்டேன் தாயி. ஒண்ணும் தெரியல. வரேன்."

கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தான். முதல் முள் முழங்கையில் ஏறியது. இரண்டாவது கன்னத்தில். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒன்று பாதத்தில் இறங்கியது. காலை உதறவில்லை. யாருக்கோ பதில் சொல்வது மாதிரி அடுத்த அடியை வைத்தான்.

மூச்சு கேட்டது. பக்கத்தில்தான். வலியை மென்று விழுங்குகிற மூச்சு.

"எந்தப் பக்கம் தாயி?"

குரல் வந்தது. மெலிந்த குரல்.

"எடது பக்கம் முள்ளு கெடக்கு, கொழுந்தனாரே. இங்கிட்டு வாங்க."

அவனைக் கொழுந்தனாரே என்று கூப்பிட ஊரில் ஒருத்திதான் இருக்கிறாள். அண்ணன் பெண்டாட்டி.

முதல் சொல்லிலேயே அவன் குரல் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

துண்டு நனைந்து கண்ணோடு ஒட்டியது. அவன் வலது பக்கமாக நகர்ந்தான்.