நீலச் செருப்பு

விருத்தாசலத்தில் கடல் கிடையாது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவன் இஜாஸ் வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் காட்டும் கோடைக் கடலைத்தான் சாதிகா ஆயில் பெயிண்டில் வரைவாள். விளிம்பு உடைந்த பீங்கான் தட்டில் நீலம் குழைப்பாள். ஆள் உருவம் வரைந்தால் மாமியாருக்கு ஆகாது. அதனால் மணலில் அவன் நீலச் செருப்பை மட்டும் வரைந்து வைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் படத்தில் செருப்பைக் காணோம். வெறும் மணல்தான் இருந்தது.

வாசலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். “இஜாஸ் வந்துட்டானாம்மா? அவன் செருப்பு இங்க கெடக்குது.”

சாதிகா ஓடிவந்து தொட்டுப் பார்த்தாள். விரலில் நீலம் ஒட்டியது. வாசற்படியிலிருந்து கூடத்து நாற்காலி வரை ஈரக் காலடிகள் போயிருந்தன. நாற்காலி காலியாக இருந்தது.

“வந்துட்டாங்க மாமி” என்று சொல்லிவிட்டு, டீக்குப் பால் வைக்கப் போனாள்.