செத்த கிடாரிக்கு விலை

செங்கோடன் சந்தைக்கு ஓட்டி வந்த கலப்பினக் கிடாரிக்கு அப்பன் பேர் பதிவில் இல்லை. வீட்டில் வைக்கோல் தீர்ந்துவிட்டது. இன்று விற்றே ஆகவேண்டும்.

"தாய் பதினெட்டு லிட்டருங்க. இதோட நடையப் பாருங்க."

வியாபாரி நாச்சிமுத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாட்டப் பாத்து மாடு வாங்கற காலமாங்க இது? ஏழு தலைமுறைப் பதிவு இருக்குதா?"

"இதோட அக்காளுக்கு இருந்துச்சு. அது போன வாரம் செத்துப்போச்சுங்க."

நாச்சிமுத்து சட்டென்று துண்டை விரித்து, அதனடியில் செங்கோடனின் நான்கு விரல்களை அழுத்தி, செத்ததற்கு விலை சொன்னார்.

"செத்தது எப்படிங்க பால் கறக்கும்?"

"பதிவு இன்னும் சாகலீங்களே! வாங்கறவனும் அதத்தான வாங்கறான்."

விலை படிந்தது. சாயங்காலம், செத்த கிடாரியை விற்ற காசில் வாங்கிய வைக்கோலைத் தின்றபடி, உயிரோடிருந்த கிடாரி விலைபோகாமல் வீடு திரும்பியது.