அடுப்பைத் தூக்கிட்டுப் போவீங்களா?

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி."

கடைக்குச் சொந்தக்காரரான லத்தீப் பாய் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தள்ளினார்.

குருமூர்த்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெரம்பலூரில் கடை வாடகைக்குப் பிடிக்கிற அத்தனை பேரும் எழுதுகிற பதினோரு மாச ஒப்பந்தம்தான் அது. பத்திரம் எழுதுகிறவரிடம் தயாராகவே இருக்கும். பேரையும் ஊரையும் நிரப்பினால் வேலை முடிந்தது. பதினோரு மாசம் முடிந்தால் இன்னொன்று. ஊரே அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்ன பாய் தப்பு இதுல?"

"தப்புன்னு சொல்லல. நீ ஒரு வக்கீலப் பாத்துட்டு வா. என் வக்கீல் வேணாம், உனக்குன்னு ஒருத்தரு. அப்பறம்தான் சாவி."

அதற்குள் பாயின் செல்போன் அலறியது. துபாயிலிருந்து பெரிய மகன் ஜாவித்.

"ம்... கடை விசயம் அப்பறம் பேசலாம்பா, இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே பாய் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பாயின் ஊரான லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வீடு வந்து சேரும்வரை குருமூர்த்திக்கு மனசு ஆறவில்லை. அவன் அரியலூரில் பேக்கரி மாஸ்டராக இருந்த காலத்திலிருந்தே பாய் வீட்டு நோன்புக்கு அவன் கையால் போட்ட பன்தான் போகும். இப்போது சொந்தக் கடை வைக்கப் போகிறான் என்றதும் மனிதர் இப்படி மாறிவிட்டாரே!

மனைவி கவிதாவிடம் கொட்டித் தீர்த்தான்.

"இத்தனை வருசப் பழக்கம்! வாய் வார்த்தை பத்தாதா? வக்கீலாம் வக்கீல்! பொண்ணு பாக்கப் போற அன்னிக்கே விவாகரத்துக்கு ஆள் தேடற மாதிரி இருக்கு."

"எங்கப்பா அப்படித் தேடியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்" என்றாள் கவிதா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "கோவத்த அப்பறம் வச்சுக்குங்க. அடகுக்குப் போற என் நகையெல்லாம் நீங்க கட்டப்போற அடுப்புலதான் வேவப்போவுது. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க."

போனான். கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் வினோதினியின் ஆபீஸ். பதினோரு மாச ஒப்பந்தத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு அந்தம்மா நிமிர்ந்தாள்.

"என்ன கடை?"

"பேக்கரிங்க மேடம். செங்கல் அடுப்பு, விறகுலதான் சுடுவேன். கரண்டு அடுப்புல பன்னுக்கு அந்த வாசம் வராதுங்க."

"அந்த அடுப்ப நகத்தலாமா?"

குருமூர்த்தி சிரித்துவிட்டான். "தரையோட தரையா கட்டறதுங்க மேடம். யானை வந்து முட்டினாலும் அசையாது."

"அப்ப பதினோரு மாசம் முடிஞ்சு காலி பண்ணுங்கன்னா, அடுப்பத் தூக்கிட்டுப் போவீங்களா?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"பாய் அப்படிச் சொல்ற ஆளு இல்லீங்க."

"இல்லாமயே இருக்கட்டும். இன்னும் ஒரு செங்கல் கூட எறக்கலல்ல? இப்பக் கேட்டா இதெல்லாம் வெறும் பேச்சு. கட்டினப்பறம் கேட்டா வழக்கு. சரியான நேரத்துலதான் வந்திருக்கீங்க."

வினோதினி புதுசாக ஒன்று எழுதினாள். பத்து வருசக் குத்தகை, முறையாகப் பதிவு செய்ய வேண்டும். அடுப்பு கட்ட உரிமையாளருக்குச் சம்மதம். இடையில் காலி பண்ணச் சொல்லக் கூடாது. எல்லாம் கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கடைசி வரியில்தான் குருமூர்த்தி பதறிப்போனான். 'உரிமையாளர் காலத்துக்குப் பிறகும் இது அவருடைய வாரிசுகளைக் கட்டுப்படுத்தும்.'

"ஐயோ மேடம், இத எடுத்துருங்க! குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கற மனுசன்கிட்ட 'நீங்க போனப்பறம்'னு எப்படிங்க நீட்டறது? சாவி வராது, செருப்புதான் வரும்!"

"மத்த எத வேணாலும் பேசிக் கொறைக்கலாம். இத எடுக்க மாட்டேன்" என்று வினோதினி பேனாவை மூடிவிட்டாள்.

மறுநாள் லெப்பைக்குடிக்காட்டுக்குக் கவிதாவையும் கூட்டிக்கொண்டு போனான். திட்டு விழுந்தால் பங்கு போட்டுக்கொள்ள ஆள் வேண்டுமே.

பாய் நிதானமாகப் படித்தார். வருசக் கணக்குக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுப்புக்குத் தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

குருமூர்த்தி கவிதாவைப் பார்த்தான். கவிதா வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"பாய்... அது வக்கீலம்மா எழுதினது. தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வரிய வேணா அடிச்சிரலாம்..."

"அடிக்கறதா? இந்த வரிக்குத்தான்பா ஒன்னைய அனுப்புனதே!"

பாய் பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கே ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிருவோம். மொத பன்னு என் வூட்டுக்கு வந்துரணும், ஆமா."

குருமூர்த்திக்கு மனசில் கிடந்ததை மறைக்கத் தெரியவில்லை.

"மன்னிச்சிருங்க பாய். எம்மேல நம்பிக்கை இல்லாமத்தான் வக்கீலப் பாருன்னு சொன்னீங்கன்னு நெனச்சிட்டேன்."

செல்போன் மறுபடியும் அலறியது. திரையில் ஜாவித்தின் பெயர். பாய் அதை எடுக்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு, கடைச் சாவியைக் குருமூர்த்தியின் கையில் வைத்து அழுத்தினார்.

"நம்பிக்கை இல்லாமத்தான் சொன்னேன் தம்பி" என்றார். "எம் புள்ளைங்க மேல."