கடைசி வரிசைக் கேள்வி

அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்த நாளில், ஒரு அரங்கமே அவரைப் பார்த்துச் சிரித்தது.

அறிவியல், சுகாதாரம், சுற்றுச்சூழல் பற்றி எழுதும் நிருபர்களுக்கான பயிலரங்கு அது. அரங்கில் ஒலிபெருக்கி என் பொறுப்பு. கேள்வி கேட்பவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய் நீட்டுவதும் நான்தான்.

அவர் மூத்த நிருபர். முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும் ஒரு கேள்வி கேட்காமல் போகமாட்டார். இரண்டுக்கும் சேர்த்து 'கேள்விக்குறி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மைக் வயர் பாதி அரங்கோடு நின்றுவிடுகிறது என்று நிர்வாகத்தோடு சண்டை போட்டு, நீளமான வயர் வாங்க வைத்தவரும் அவர்தான்.

"அவர் உட்காருறதே கடைசி வரிசையில. தனக்காகத்தான் சண்டை போட்டிருக்கார்" என்று மற்ற நிருபர்கள் கிண்டலடிப்பார்கள்.

அன்று காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வெறும் "ஹலோ, ஹலோ" அவருக்குப் பிடிக்காது.

"குடு தம்பி" என்று வாங்கினார். "ஆன்டிபயாடிக் மாத்திரையை இஷ்டத்துக்கு முழுங்கினா, அதுக்குப் பழகிக்கிறது நம்ம உடம்பு இல்ல, கிருமி! போதுமா? சத்தம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார். இந்தத் தடவை அந்த இடம் உங்களுக்குத்தானாமே?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கிடைச்சா பிழைச்சேன். மாசக் கடைசியில எங்க பேப்பர்ல அறிவியல் பக்கத்தை மூடுறாங்க. கூடவே என்னையும் மூட்டை கட்டிடுவாங்க."

அந்த இடம் என்றால், ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வருடம் சம்பளத்தோடு இருந்து எழுதும் வாய்ப்பு. பயிலரங்கு முடிவில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுப்பவர், அன்று பேச வந்திருந்த பெரிய டாக்டர்.

மதியம் டாக்டர் பேசினார். மருந்துகள் ஏன் வேலை செய்யாமல் போகின்றன என்பதுதான் பேச்சு. பாதி எனக்குத் தலைக்கு மேலே போனது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார்.

அரங்கு கப்சிப்.

கடைசி வரிசையில் கேள்விக்குறி கையைத் தூக்கினார். வயரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"டாக்டர், மருந்துக்குப் பழகிப்போகுதுன்னு சொன்னீங்க. எது பழகுது? நம்ம உடம்பா, கிருமியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் இதே மைக்கில் பதிலைச் சொன்னவர்!

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது அரங்கு முழுக்கத் தொற்றிக்கொண்டது.

"சார், நீங்க எவ்வளவு காலமா இதையெல்லாம் எழுதிட்டு இருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"தலை கருப்பா இருந்த காலத்திலேருந்து."

இன்னும் பெரிய சிரிப்பு. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அடியிலிருந்து விளக்கினார். சிரித்த முகங்கள் எல்லாம் குனிந்து எழுதின. அதுவரை பேனாவை மூடி வைத்திருந்தவர்கள்கூட எழுதினார்கள்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். சினிமாப் பக்கத்திலிருந்து சுகாதாரத்துக்குத் தள்ளிவிடப்பட்ட புது நிருபர். அவள் மைக்கை வாங்கினாள்.

"அப்போ, பழகின கிருமி ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்துமா டாக்டர்? மாத்திரையே சாப்பிடாத ஆளுக்கும் அந்த மாத்திரை கேட்காம போயிடுமா?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. "பாருங்க, இது கேள்வி!"

சாயங்காலம் அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது.

வாசலில் அவரை மடக்கினேன். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? காலையில நீங்களே சொன்னீங்களே!"

"வயசாயிடுச்சுல்ல தம்பி, மறந்துபோச்சு" என்று சிரித்தபடி குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

சொன்னபடி பக்கத்தை மூடினார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தப் பெண் அதன் பிறகும் அரங்குக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். மைக் நீட்டிய பழக்கம் பேச்சாகி, பேச்சு கல்யாணத்தில் முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். வெகுநாளாக மனத்தை அரித்துக்கொண்டிருந்ததை அவளிடம் சொன்னேன்.

"தெரிஞ்சுக்கிட்டே ஒரு மனுஷன் ஏன் அப்படிக் கேட்பார்? கைக்கு வந்ததைத் தானே கெடுத்துக்கிட்டாரே!"

அவள் கை அப்படியே நின்றது.

"தெரிஞ்சுக்கிட்டா? அவருக்குத் தெரியுமா?"

"அன்னிக்குக் காலையில மைக்ல சொன்னதே அவர்தானே."

அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது என் கேள்விங்க. எழுந்து கேட்க வெட்கப்பட்டு அவர் காதுல கேட்டேன். முன்னாடி இருந்தவங்களை ஒரு பார்வை பார்த்தார். 'எனக்கும் தெரியலம்மா, இரு, கேட்டுடலாம்'னு கையைத் தூக்கிட்டார். பாவம், அவருக்கும் தெரியாது போலன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டு இருக்கேன்."

அதன் பிறகு எந்தப் பயிலரங்குக்கு வந்தாலும் அவள் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். முதல் கை அவளுடையதாக இருக்கும். கேட்பது பள்ளிக்கூடப் பிள்ளையின் கேள்வி. எல்லோரும் சிரிப்பார்கள். நான் வயரை இழுத்துக்கொண்டு ஓடுவேன்.

அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அரங்கில் இப்போது வயர் இல்லாத மைக். பழைய வயர் என் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. விரித்தால் கடைசி வரிசை வரைக்கும் எட்டும்.