சிவப்புப் பெட்டியில் மூன்று பேர்

"அங்கேயே நில்லு, உள்ள வராத!" என்றார் மேலாளர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. தையல் ஆலையின் சமையல்காரம்மா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய வேலைநீக்கக் கடிதம் மேசையில் தயாராக இருந்தது.

நான்கு நாட்களுக்கு முன் மதியச் சாப்பாடு சாப்பிட்ட இருநூற்றுப் பத்துப் பேரில் எழுபத்தாறு பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டு விழுந்தார்கள். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று ஆளுக்கொரு படிவம் வாங்கிக் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தலைமை அலுவலகம் ஒரு புள்ளிவிவரக்காரியை அனுப்பியிருந்தது. தையல் கூடத்தில் இன்னும் போகாத நாற்றத்தைவிட, மேலாளர் அறையில் அடித்த சென்ட் வாசனைதான் அவளுக்குக் குமட்டியது.

மேலாளர் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு மூலையிலிருந்த வாஷ்பேசினுக்குப் போனார். பாட்டிலைச் சாய்த்து விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதை மேசையில் வைத்தார். "சுத்தம்னா இப்படி இருக்கணும். இவளோட நகத்தப் பாருங்க மேடம், உவ்வே!"

அந்த நகங்களில் மஞ்சள் கறை இருந்தது, அவ்வளவுதான். "பதினாலு வருஷமா சமைக்கிறேன் சார், ஒருத்தருக்கு ஒண்ணு ஆனதில்ல. இந்தப் பேரோட வெளிய போனா, எந்த அடுப்புப் பக்கமும் என்னை விடமாட்டாங்க" என்றார் சமையல்காரம்மா.

மேலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புள்ளிவிவரக்காரியின் கணினித் திரையில் ஒரு மரம் தலைகீழாக வளர்ந்திருந்தது. உச்சிப் பெட்டியில் சாப்பிட்ட அத்தனை பேரும். அதற்குக் கீழே, படுத்தவர்களையும் தப்பித்தவர்களையும் நன்றாகப் பிரிக்கும் கேள்வியை மென்பொருளே தேர்ந்தெடுத்துக் கிளை விட்டிருந்தது.

"முட்டைக் குழம்பு!" மேலாளர் துள்ளினார். "முதல் கிளையே அதான். வேற சாட்சி வேணுமா?"

"முட்டை சாப்பிட்டவங்கள்ல நூத்துக்கு முப்பத்தெட்டு பேர் படுத்திருக்காங்க, சாப்பிடாதவங்கள்ல முப்பத்தினாலு. இந்த வித்தியாசத்த வெச்சு ஒரு பூனையக்கூட வேலைய விட்டு அனுப்ப முடியாது சார். சாப்பாட்டுக் கேள்விகள மட்டும் போடச் சொன்னீங்க, போட்டேன். கடைசிக் கேள்வியையும் சேத்துப் பாக்கறேன்."

"சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவினீங்களான்னா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் சேர்த்தாள். முட்டைக் குழம்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கை கழுவாத நூற்று முப்பத்தைந்து பேரின் பெட்டி பச்சை; அதில் படுத்தவர்கள் நாலே பேர். கை கழுவிய எழுபத்தைந்து பேரின் பெட்டி ரத்தச் சிவப்பு. அதில் படுத்தவர்கள் எழுபத்திரண்டு பேர்.

மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கழுவினவன் படுத்துட்டான், கழுவாதவன் கல்லு மாதிரி இருக்கானா? ஒண்ணையும் ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கீங்க மேடம்!" எழுபத்தாறு பேர் குடலைக் கக்கியதைப் பற்றிப் பேசும்போது இப்படிச் சிரிக்கிறானே, இவனும் ஒரு மனுஷனா என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆனால் அவளுக்கும் அதே சந்தேகம்தான். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு என்று எண்ணாக மாற்றும்போது தடுமாறுவது இந்தத் தொழிலில் சகஜம். படிவக் கட்டை அவிழ்த்து இருபது படிவங்களைத் திரையோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்றுகூட மாறவில்லை.

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு. இருபது நிமிஷ இடைவேளையில குழாயடி வரிசைல நிக்க முடியாம, பாதிப் பேருக்கு மேல வெட்டுத் துணியில கையத் துடைச்சிட்டு உக்காந்திருக்காங்க. அவங்கதான் தப்பிச்சிருக்காங்க."

"சமையலுக்கும் குடிக்கவும் கேன் தண்ணிதான் மேடம். எல்லாக் குழாய்லயும் வர்றது மொட்டை மாடித் தொட்டித் தண்ணி, அது கை கழுவ மட்டும்தான்" என்றார் சமையல்காரம்மா மெதுவாக.

"தொட்டிய மாசாமாசம் சுத்தம் பண்ணி நானே கையெழுத்துப் போடறேன்!" என்று மேலாளர் சீறினார். "ஏன், நானும் அன்னிக்குக் கை கழுவிட்டுத்தான் சாப்பிட்டேன். எனக்கு என்ன ஆச்சு?"

அவள் சிவப்புப் பெட்டியைத் திறந்து, கை கழுவியும் தப்பித்த மூன்று பேரின் படிவங்களைத் தேடி எடுத்தாள். இரண்டு பேர் வாசல் காவலாளிகள். அவர்கள் கழுவியது வாசலில் இருக்கும் அடிபம்பில். மூன்றாவது படிவம் மேலாளருடையது.

"பாத்தீங்களா? தண்ணி மேல தப்பிருந்தா நானும் படுத்திருக்கணும்ல?" கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். மேலாளர் பேனாவை வாசலை நோக்கி நீட்டினார். "வா, வந்து போடு கையெழுத்த."

சமையல்காரம்மா முதல் தடவையாக அறைக்குள் வந்தார். பேனாவை வாங்கவில்லை. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டார்.

மேலாளர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சமையல்காரம்மா பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இந்தக் குழாயில கை கழுவிட்டு ஒண்ணு சாப்பிடுங்க சார், கையெழுத்துப் போடறேன்."