முதல் "வேண்டாம்"

ஒரு விடுகதை. கண் கிடையாது, ஆனால் ஒருமுறை பார்த்த எதிரியை ஆயுசுக்கும் மறக்காது. அது எது?

நான்காம் வகுப்பில் யாருக்கும் விடை தெரியவில்லை. கேள்வியைக் கேட்டது ஒரு டாக்டர்; அதே வகுப்பில் படிக்கும் அவருடைய மகளுக்கு மட்டும் தெரியும். அவளோ மற்றவர்கள் யோசிப்பதை வேடிக்கை பார்த்தாள்.

"நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு," என்றார் டாக்டர்.

அவர் வைரஸ் ஆராய்ச்சி செய்பவர். ஒரு காய்ச்சல் வைரஸ் வருஷா வருஷம் சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது. பல பிள்ளைகளின் வெள்ளை அணுக்கள் அதில் ஏமாந்துபோகின்றன. சில பிள்ளைகளுடையவை மட்டும், எந்தச் சட்டையில் வந்தாலும் ஆளைப் பிடித்துவிடுகின்றன. எப்படி? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆளுக்கு ஒரு ஸ்பூன் ரத்தம் கேட்டு வந்திருந்தார்.

பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வாயால் "சரி" சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்றால் விட்டுவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த விதியைப் போட்டவரே டாக்டர்தான்.

வரிசை நகர்ந்தது. எல்லோரும் "சரி", "சரி" என்றார்கள். டாக்டருக்கு அதுவே உறுத்தியது. பெற்றோர் சுவரோரம் நின்று பார்க்கும்போது எந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்?

மகளுக்குப் பின்னால் நின்றவள் பொடிசு. வகுப்பிலேயே குட்டி, அதனால் அந்தப் பெயர். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் குடுக்கலையா? என் மானத்தை வாங்காத," என்று அவளுடைய அப்பா பல்லைக் கடித்தார்.

மகளின் முறை வந்தது. ஒரு வாரமாக வீட்டில் அவள் அடித்த தம்பட்டம் கொஞ்சமில்லை. ஊசி எல்லாம் தனக்குத் தூசு என்று டாக்டரிடமே பந்தயம் கட்டியிருந்தாள்.

"சரியாம்மா?" என்றார் நர்ஸ்.

"வேண்டாம்."

சுவரோரம் சிரிப்பு கிளம்பியது. "டாக்டர் வீட்டுப் பொண்ணுக்கே பயமாம். இவங்களுக்கு நம்ம பிள்ளைங்கதான் கிடைச்சாங்க," என்று ஒருவர் காதில் விழும்படியே சொன்னார்.

டாக்டருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "ஏன்டி?" என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். மகளைப் போய் உட்காரச் சொன்னார்.

அவள் போய் உட்கார்ந்தாள். யாரும் திட்டவில்லை, யாரும் காரணம் கேட்கவில்லை. பொடிசு இதையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று நர்ஸ் அவளைக் கேட்டார்.

"எனக்கும் வேண்டாம்."

குரல் கம்மித்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. அவளுடைய அப்பா வாயெடுக்குமுன், பிள்ளை சொன்னதுதான் முடிவு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு வரிசையில் இன்னும் சில "வேண்டாம்" கேட்டன. மீதி வந்த "சரி"களை டாக்டரால் இப்போதுதான் நம்ப முடிந்தது.

எல்லோரும் கலைந்துபோனார்கள். நர்ஸ் சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

மகள் வாசல்வரை போய், பொடிசு தெருமுனையைத் தாண்டிவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

டாக்டர் இப்போதும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. அவர் தலை தானாக நிமிர்ந்தது.

மகள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டி, "சரி" என்றாள்.