மாதா வேடம்

முடிச்சூர் சர்ச் தொடக்கப்பள்ளியில் கிறிஸ்துமஸ் ஒத்திகை. தலைமை ஆசிரியை செல்வமேரி, நாடகம் பழக்கிய கிறிஸ்டினா டீச்சர், மாதா வேடமிட்ட நான்காம் வகுப்பு கோகிலவாணி, அவளோடு நடித்த பிள்ளைகள் இருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு கோகிலவாணியின் தாத்தா சிட்டிபாபு நுழைந்தார்.

"இன்னா டீச்சர், என் பேத்திதான் மாதாவாமே? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

செல்வமேரி பயந்துபோனார். ஊர்ப் பெரியவர் எதிர்த்தால் மற்றவர்களும் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள், விழாவே நின்றுவிடும்.

"மன்னிச்சுக்குங்க சார். வேணாம்னா வேற பொண்ணை..."

"யாரு வேணாம்னது? வெள்ளத்தப்ப எங்க தெருவே இந்த ஸ்கூல் மாடியிலதான் பொழச்சுது. அவ நடிக்கட்டும். கையில இன்னா அது?"

"குழந்தை இயேசு சார். பொம்மை."

"எங்க வூட்ல மூணு மாசப் பேரன் இருக்கும்போது, எங்க ஊரு ஸ்கூல்ல பொம்மையா? எங்க மரியாதை இன்னாவறது? ஹேமாவதி, உள்ள வாம்மா!"

குளிப்பாட்டிப் பொட்டு வைத்த பேரனோடு மருமகள் உள்ளே வந்தாள். கிறிஸ்டினா கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

சிட்டிபாபு குடும்பம் மதம் மாறிவிட்டதாக ஊரில் பேச்சு. மாறவில்லை. குழந்தையை நாடகத்துக்குக் கொடுத்தார்கள். முடிந்ததும் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.